"15ஆம் தேதிக்குள்" என்றால் 15 உண்டா, இல்லையா?

கடைசிமேசை:
வேறொரு திரியில் விதிமுறை ஐயா நேற்று உதிர்த்த முத்து இது: "அறிவிப்பில் 15ஆம் தேதிக்குள் என்று இருந்தால் 14ஆம் தேதியோடு கதை முடிந்தது. இதுகூடப் புரியாதவர்களுக்கு வளாகத்துக்குள் என்ன வேலை?" இதற்குக் கைதட்டல் வேறு. அங்கேயே பதில் எழுதினால் தலைப்பை விட்டு விலகுகிறேன் என்பார். அதனால் தனியாக ஆரம்பிக்கிறேன்.

போன பருவத்தில் ஒரு பயிலரங்குக்கு விண்ணப்பம் போட்டேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்காதீர்கள். "15ஆம் தேதிக்குள் சமர்ப்பிக்கவும்" என்று பலகையில் இருந்தது. 15ஆம் தேதி மத்தியானம் மூன்று மணிக்குக் கொண்டுபோய் நீட்டினேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் தேதி முத்திரையைக் கையில் எடுத்தார், தாளைப் பார்த்தார், முத்திரையைத் திரும்பக் கீழே வைத்துவிட்டார். "நேற்றோடு சரி" என்றார். மனதில் 14 இருந்தால் பலகையிலும் 14 என்றே எழுதித் தொலைப்பதற்கு என்ன?

விதிமுறை:
தம்பி, என் வாக்கியத்தை நீங்களே எடுத்துப் போட்டதற்கு நன்றி. "வளாகத்துக்குள்" என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? வளாகத்துக்குள் என்றால் மதில் மேல் ஏறி உட்கார்ந்திருப்பது இல்லை, உள்ளே இருப்பது. 15க்குள் என்றாலும் அப்படித்தான். 15 மதில். அதற்கு உள்ளே 14. நான் 22 வருடம் சுற்றறிக்கை எழுதியவன். அறிவிப்பை படிக்கும் பொறுமை இல்லாதவர்களுக்காக ஒரு மொழியையே மாற்ற முடியாது.

கடைசிமேசை:
மதில் யாருடையது ஐயா? அதில் ஒரு போஸ்டர் ஒட்டிப் பாருங்கள். "வளாகத்துக்குள் ஒட்டிவிட்டான்" என்றுதான் நோட்டீஸ் வரும். அப்போது மட்டும் மதில் உள்ளே வந்துவிடுமா?

இரவுக்குருவி:
"நூறுக்குள் ஒரு எண் சொல்" என்று கேட்டால் 100 என்று சொல்லலாமா கூடாதா? எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. எங்கள் வீட்டில் இதற்காக ஒரு விளையாட்டே நின்றுபோயிருக்கிறது.

விதிமுறை:
கூடாது. 99 வரைதான்.

கடைசிமேசை:
தாராளமாகச் சொல்லலாம்.

மரபுத்தமிழ்:
"அறிவிப்பை படிக்கும்" அல்ல, "அறிவிப்பைப் படிக்கும்". இரண்டாம் வேற்றுமை விரிந்து வருமிடத்தில் வல்லினம் மிகும். 22 வருடச் சுற்றறிக்கைகளின் கதி என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது.

இருக்கட்டும், விஷயத்துக்கு வருகிறேன். "உள்" என்பது நன்னூல் அடுக்கும் 28 ஏழாம் வேற்றுமை உருபுகளில் ஒன்று. ஏழாவதன் பொருள் இடமாக நிற்பது. காலமும் அந்த இடத்தில் அடங்கும். ஆகவே 15ஆம் தேதி என்ற காலத்தின் உள்ளே நிகழ்வது எல்லாம் "15ஆம் தேதிக்குள்" அடக்கம். அதே பட்டியலில் "முன்" என்பதும் இருக்கிறது. 15 வேண்டாம் என்றால் "15ஆம் தேதிக்கு முன்" என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டு சொல் தனித்தனியாக இருப்பது எதற்காக?

விதிமுறை:
ஒற்றுப்பிழை கண்டுபிடிக்க மட்டும் வந்துவிடுவீர்கள். "தேதிக்குள்" என்பதில் நடுவில் ஒரு "கு" இருக்கிறதே, அது நான்காம் வேற்றுமை. நான்காவதின் மேல் ஏழாவதை ஏற்றி உட்காரவைத்து, அதன் பொருளை நன்னூலில் தேடுகிறீர்கள். இதைத்தான் அரைகுறை என்பது. நான் படித்தவன் மட்டுமல்ல, எழுதி அனுப்பியவன். 15க்குள் என்றால் 14.

மரபுத்தமிழ்:
"வீட்டுக்குள்", "ஊருக்குள்" எல்லாம் அப்படி ஏறி உட்கார்ந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன ஐயா. உங்கள் அனுமதிக்கு யாரும் காத்திருக்கவில்லை.

நாட்காட்டிக்காரன்:
கணினி ஆட்களுக்கு இந்தச் சண்டை பழையது. வளாக நிகழ்ச்சிகளை கைப்பேசி நாட்காட்டியில் ஏற்றும் கோப்பு இருக்கிறதல்லவா, ஐகேலண்டர், அதன் விதி 2009இல் வந்த ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தர ஆவணம். அதில் முழுநாள் நிகழ்ச்சிக்கு முடியும் தேதி கணக்கில் சேராது. கருத்தரங்கு 15, 16, 17 என மூன்று நாள் என்றால் முடிவுத் தேதியாக 18 என்று எழுத வேண்டும். இது தெரியாமல் 17 என்று போட்டுவிட்டு, கடைசி நாள் அமர்வு நாட்காட்டியில் காணவில்லை என்று என்னிடம் வந்தவர்கள் ஏராளம். ஒரு தடவை நிறைவு விழாவுக்கே ஆளில்லை.

விதிமுறை:
பார்த்தீர்களா! இயந்திரமே என் பக்கம். எழுதிய தேதி சேராது. முடிந்தது.

நாட்காட்டிக்காரன்:
சார், நான் சொன்னது அதற்கு நேர் எதிர். 17ஐச் சேர்ப்பதற்காகத்தான் 18 என்று எழுதுகிறார்கள். அந்த வழக்கம் கோப்புக்குள்ளேயே இருக்கும். திரையில் பார்ப்பவருக்கு 17 வரை என்றுதான் காட்டும். மனிதர் படிக்கும் அறிவிப்பில் அதே கணக்கைச் சொல்லாமல் வைத்தால் யாருக்குப் புரியும்?

விதிமுறை:
எழுதிய தேதி சேராது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான் எதையும் மாற்றவில்லை. மேலே போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

கடைசிமேசை:
எனக்குச் செய்ததைத்தான் இப்போது இவருக்கும் செய்கிறார். 22 வருடம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த பழக்கம் போகாது.

விதிமுறை:
ஜன்னலில் உட்கார்ந்தவன் நான் இல்லை. நான் உள்ளே மேசையில் இருந்தவன். தெரியாமல் பேசக்கூடாது.

ஆய்வுமாணவி:
நீங்கள் "க்குள்" ஒன்றையே பிடித்துத் தொங்குகிறீர்கள். அதைவிடப் பெரிய பாவம் "15ஆம் தேதி நள்ளிரவு 12 மணி". அது 14 முடியும் நொடியா, 15 முடியும் நொடியா? சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601 இதற்காக 00:00, 24:00 என்று இரண்டு எழுத்துமுறை வைத்திருந்தது. ஒரே நொடிதான், ஒன்று நாளின் தலை, இன்னொன்று வால். 2019 பதிப்பில் 24:00ஐத் தூக்கினார்கள், 2022இல் ஒரு திருத்தம் போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். தரம் எழுதுபவர்களுக்கே இந்தத் தடுமாற்றம். இதில் முற்பகல் 12, பிற்பகல் 12 என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது? உச்சிப்பொழுது முற்பகலும் இல்லை, பிற்பகலும் இல்லை.

என் அத்தியாயம் ஒன்று இப்படித்தான் போயிற்று. 15ஆம் தேதி ராத்திரி என்று நினைத்து 15ஆம் தேதி முழுக்க உட்கார்ந்து திருத்தினேன். இணையத்தில் சமர்ப்பிக்கும் அமைப்பு 14 இரவே பூட்டிக்கொண்டுவிட்டது. யாரோ தேதியை மட்டும் போட்டு நேரத்தை 00:00 என்றே விட்டிருக்கிறார்கள். அதனால்தான் விவரம் தெரிந்த ஆட்கள் 11:59 என்று வைக்கிறார்கள். ஒரு நிமிடம் குறைத்தால் சண்டையே இல்லை.

இரவுக்குருவி:
மாநாட்டு அறிவிப்புகளில் "பூமியில் எங்கு இருந்தாலும்" என்று ஒரு நேரம் போடுகிறார்களே, அது என்ன கணக்கு அக்கா?

ஆய்வுமாணவி:
உலகப் பொது நேரத்துக்கு 12 மணி நேரம் பின்தங்கிய வலயம். பூமியில் எங்காவது அந்தத் தேதி மிச்சம் இருக்கும்வரை சமர்ப்பிக்கலாம் என்று பொருள். அந்த வலயத்தில் இருப்பது பசிபிக்கில் பேக்கர், ஹவ்லாண்ட் என்ற இரண்டு தீவுகள். அங்கே யாரும் குடியிருக்கவில்லை. ஆனாலும் கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லாரும் கடைசி நாளில் மனதால் அங்கேதான் குடியிருக்கிறோம்.

விதிமுறை:
அம்மா, இது நள்ளிரவுத் திரி அல்ல, "க்குள்" திரி. தலைப்பைப் படியுங்கள். ஆளில்லாத தீவை எல்லாம் கொண்டுவந்து நிறுத்தினால் 15க்குள் என்பது 15 ஆகிவிடாது.

பழையவழக்கு:
சட்டம் படித்தவன் என்ற முறையில் ஒரு வரி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு நாள் கணக்கிடுவதற்கென்றே 1971இல் ஒரு ஒழுங்குமுறை வந்தது, எண் 1182. நாட்களில் சொன்ன காலக்கெடு கடைசி நாளின் கடைசி மணி முடியும்போதுதான் முடியும். கடைசி நாள் விடுமுறையாக இருந்தால் அடுத்த வேலைநாள்வரை நீளும். தொடங்கும் நாளை விட்டுவிட்டு முடியும் நாளைச் சேர்ப்பது வேறு பல நாட்டுச் சட்டங்களிலும் உள்ள வழக்கம். காரணம் எளிது: கெடு வைத்தவர் தெளிவாக எழுதியிருக்கலாம், கட்டுப்படுகிறவருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

விதிமுறை:
அந்த 1182இல் "க்குள்" என்ற சொல் எத்தனையாவது வரியில் வருகிறது?

பழையவழக்கு:
ஐயா, அது தமிழில் எழுதப்படவில்லை.

விதிமுறை:
அப்புறம் எதற்கு அதை இங்கே கொண்டுவந்தீர்கள்?

கடைசிமேசை:
கடவுளே.

ஆய்வுமாணவி:
"அம்மா" என்று கூப்பிட வேண்டாம். அப்புறம், மூடில் என்ற இணையவழிக் கற்பித்தல் மென்பொருளில் ஒப்படைப்புக்கு இரண்டு தேதி வைக்கலாம். ஒன்று கெடு, இன்னொன்று கதவடைப்பு. கெடு தாண்டினால் "தாமதம்" என்று குறி விழும், கதவடைப்பு வரை வாங்கிக்கொள்ளும். மென்பொருளுக்கு இருக்கும் இரக்கம்கூட சில மேசைகளுக்கு இருப்பதில்லை. உள்மேசையோ ஜன்னலோ.

விதிமுறை:
இரக்கம் வேறு, இலக்கணம் வேறு. தாமதமாக வந்ததை வாங்கியதும் உண்டு நான். ஆனால் "தாமதம்" என்று எழுதித்தான் வாங்கினேன். இவருடைய மூன்று மணி விண்ணப்பம் என்னிடம் வந்திருந்தால் அதன் மேல் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஏனென்றால் 15க்குள் என்றால் 14.

கடைசிமேசை:
"ஒரு மணி நேரத்துக்குள் வருகிறேன்" என்று சொல்லிவிட்டுச் சரியாக 60ஆவது நிமிடம் வந்து நிற்பவனை வாக்குத் தவறியவன் என்பீர்களா? பதில் சொல்லுங்கள். மதில், தீவு, உள்மேசை எல்லாம் வேண்டாம்.

விதிமுறை:
59ஆவது நிமிடம் வந்திருக்க வேண்டும்.

இரவுக்குருவி:
நடுவில் ஒரு சின்ன உதவி. "கட்டணம் வரும் வெள்ளிக்குள் செலுத்தப்பட வேண்டும்" என்று பலகையில் இருக்கிறது. இன்றைக்கு வியாழன். வரும் வெள்ளி என்றால் நாளையா, அடுத்த வாரமா?

நாட்காட்டிக்காரன்:
நாளைதான். "அடுத்த வெள்ளி" என்றிருந்தால்தான் அடுத்த வாரம்.

பழையவழக்கு:
எங்கள் பக்கம் அடுத்த வெள்ளி என்றாலும் நாளைதான். அடுத்து வருவது எதுவோ அது.

நாட்காட்டிக்காரன்:
அப்படியானால் அடுத்த வார வெள்ளியை என்னவென்று சொல்வீர்கள்?

பழையவழக்கு:
அடுத்த வார வெள்ளி.

விதிமுறை:
வரும் வெள்ளி நாளை. "வெள்ளிக்குள்" என்றால் வியாழன். ஆகவே இன்றைக்கே கட்ட வேண்டும். மணி என்ன ஆகிறது இப்போது?

இரவுக்குருவி:
ஐயோ.

கடைசிமேசை:
குருவி, பதறாதே. நாளைக்குப் போய்க் கட்டு. வாங்கவில்லை என்றால் இந்தத் திரியைக் காட்டு.

விதிமுறை:
காட்டினால் சிரிப்பார்கள். இன்றே கட்டச் சொல்லுங்கள். உங்களைப் போன்றவர்களின் ஆலோசனையைக் கேட்டுத்தான் பிள்ளைகள் தண்டத்தொகை கட்டுகிறார்கள்.

மரபுத்தமிழ்:
முதல் பதிவில் "பயிலரங்கு" என்று ஒருவர் சரியாக எழுதியிருக்கிறார், மகிழ்ச்சி. போன மாதம் இதே சொல்லுக்காக என்னிடம் சண்டைக்கு வந்து, "பட்டறை" என்பதுதான் நடைமுறை என்று வாதாடி, என் மறுமொழியை நெறியாளரிடம் சொல்லி நீக்கவைத்தவர் யார் என்று இந்தத் திரியில் ஒருவருக்குத் தெரியும்.

விதிமுறை:
நீக்கவைத்தது பட்டறைக்காக இல்லை. நீங்கள் என்னைத் "துருப்பிடித்த முத்திரை" என்று எழுதினீர்கள். மறந்துவிட்டதா? பட்டறை என்பதில் இன்றும் மாற்றமில்லை. 22 வருடத்தில் ஒரு தடவைகூட நான் பயிலரங்கு என்று எழுதியதில்லை.

மரபுத்தமிழ்:
அதுதான் "அறிவிப்பை படிக்கும்" என்று வந்திருக்கிறது.

நெறியாளர்:
தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம். இப்படியே போனால் திரி ஞாயிற்றுக்கிழமைக்குள் பூட்டப்படும்.

கடைசிமேசை:
ஞாயிறு சேர்த்தா?

விதிமுறை:
சனியோடு சரி. நெறியாளருக்குத் தமிழ் தெரியும் என்று நம்புகிறேன்.

நெறியாளர்:
ஞாயிறு இரவு வரை என்ற பொருளில்தான் எழுதினேன்.

விதிமுறை:
அப்படியானால் "ஞாயிறு இரவு வரை திறந்திருக்கும்" என்று எழுதியிருக்க வேண்டும். "வரை" வேறு, "க்குள்" வேறு. 15 வரை என்றால் 15 உண்டு, 15க்குள் என்றால் 14. இதைத்தான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் மறுக்கவில்லை.

ஆய்வுமாணவி:
எல்லாரும் மறுத்துவிட்டோம்.

விதிமுறை:
ஆதாரத்தோடு ஒருவரும் மறுக்கவில்லை.

மரபுத்தமிழ்:
நன்னூல்?

விதிமுறை:
அதற்கு "கு" என்று பதில் சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.

இரவுக்குருவி:
கட்டணம் கட்டப் போனேன். மூடிவிட்டார்கள். கதவில் "நேரம்: 5 மணிக்குள்" என்று ஒட்டியிருக்கிறது. நான் போனது 4:58.

கடைசிமேசை:
பார்த்தீர்களா, 4:58க்கே மூடியிருக்கிறார்கள்! 5க்குள் என்றால் 4 என்று அவர்களுக்கும் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

விதிமுறை:
உங்கள் கைக்கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள் குருவி. அப்புறம், அது கட்டணப் பிரிவா கணக்குப் பிரிவா? இரண்டுக்கும் நேரம் வேறு.

மரபுத்தமிழ்:
பட்டறை என்பது இரும்பு அடிக்கிற இடம். இதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.