இரண்டரை × மூன்றேகால்: மகளுக்கு விதியா, படமா?

ஆறாம்வகுப்பு_அப்பா:
மகள் ஆறாம் வகுப்பு. நேற்று கணக்கு நோட்டில் 2½ × 3¼ என்ற கணக்குக்கு 6⅛ என்று எழுதி, சிவப்பு மையில் பெரிய இன்ட்டு வாங்கி வந்தாள். இரண்டையும் மூன்றையும் பெருக்கி ஆறு, அரையையும் காலையும் பெருக்கி அரைக்கால், இரண்டையும் சேர்த்து ஆறே அரைக்கால். "கூட்டல்ல முழுசைத் தனியா, பின்னத்தைத் தனியா செஞ்சேன், அப்ப சரின்னாங்க. இதுல மட்டும் ஏன்பா தப்பு?" என்று கேட்கிறாள். தகா பின்னமாக, அதாவது 2½-ஐ 5/2 என்று மாற்றித்தான் பெருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஏன் என்றால் தெரியாது. விதியைச் சொல்லிப் பத்துக் கணக்கு போட வைப்பதா, படம் வரைந்து உட்காருவதா?

டியூஷன்_அக்கா:
விதியைச் சொல்லுங்க சார். பகுதியையும் முழு எண்ணையும் பெருக்கு, தொகுதியைக் கூட்டு. 5/2 × 13/4. மேலே மேலே, கீழே கீழே. 65/8, அதாவது 8⅛. மூன்று வரியில் முடிந்தது. பதினாறு வருடமாகச் சொல்லிக் கொடுக்கிறேன். படம் போட்டுப் புரிந்துகொண்ட பிள்ளையும் தேர்வில் இந்த மூன்று வரியைத்தான் எழுத வேண்டும். புரிதல் தானாகப் பின்னால் வரும்.

உளியும்_நானும்:
தச்சு வேலை செய்கிறவன். அந்தப் பிள்ளை போட்ட கணக்கில் சன்மைக்கா வாங்கினால் மேசை மொட்டையாகத்தான் நிற்கும், அதனால் எழுதுகிறேன்.

மேசைப் பலகை இரண்டரை அடி அகலம், மூன்றேகால் அடி நீளம் என்று வையுங்கள். அதில் 2 × 3 ஒரு பெரிய துண்டு, ஆறு சதுர அடி. நீளவாக்கில் அரை அடி அகலத்துக்கு ஒரு பட்டை மிச்சம், மூன்றில் பாதி, ஒன்றரை. கடைசியில் கால் அடி அகலத்துக்கு இன்னொரு பட்டை, இரண்டில் கால், அரை. மூலையில் அரைக்குக் கால் ஒரு சில்லு, அது அரைக்கால். பெரிய துண்டையும் மூலைச் சில்லையும் எடுத்துக்கொண்டு இரண்டு பட்டைகளையும் பிள்ளை மறந்துவிட்டது. ஒன்றரையும் அரையும் இரண்டு. அவள் விடைக்கும் சரியான விடைக்கும் அதே இரண்டுதான் வித்தியாசம்.

கூட்டும்போது பட்டையே கிடையாது தம்பி. இரண்டு கயிறை முடிச்சுப் போடுகிற வேலை அது.

ஆறாம்வகுப்பு_அப்பா:
அண்ணா, இதைப் படித்துவிட்டு நானே ஒரு தாளில் வரைந்து பார்த்தேன். நாற்பத்தோரு வயதில் இப்போதுதான் தெரிகிறது.

டியூஷன்_அக்கா:
அழகாகத்தான் இருக்கிறது. 12⅗ × 4⁶⁄₇ கொடுத்தால் என்ன செய்வீர்கள் அண்ணா? நாலு துண்டு: 48, 72/7, 12/5, 18/35. பகுதி மூன்றும் வேறு வேறு. மீ.சி.ம. 35 எடுத்து, மாற்றி, கூட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். என் வழியில் 63/5 × 34/7. 63-ஐ ஏழால் அடித்தால் 9. ஒன்பது முப்பத்துநாலு 306, கீழே 5. விடை 61⅕. அவ்வளவுதான். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாற்பது மேசை அறுக்க முடியாது.

தஞ்சை_ஓய்வு_வாத்தியார்:
இரண்டு பேருக்கும் நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும்.

பின்னப் பெருக்கலை நாம் பேச்சிலேயே வைத்திருக்கிறோம். காலில் பாதிக்கு என்ன பெயர்? அரைக்கால். ½ × ¼ = ⅛ என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் பக்கம் நிலத்தை வேலி, மா என்று சொல்வார்கள். இருபது மா ஒரு வேலி, மா என்ற பின்னமும் 1/20. மாவில் கால் காணி, 1/80. காணியில் கால் முந்திரி, 1/320. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி, 1/16. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக வரும். இந்த 'இல்'தான் பெருக்கல் குறி. "முக்காலில் பாதி" என்று வாய்விட்டுச் சொல்லவைத்த பிறகு நோட்டில் × போடச் சொன்னால், பெருக்கினால் ஏன் சிறுத்துப்போகிறது என்று எந்தப் பிள்ளையும் முழிக்காது.

டியூஷன்_அக்கா:
ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை, அந்தக் காலத்து வாய்ப்பாட்டை, விளக்கிச் சொல்லியா படிக்க வைத்தார்கள்? கத்திக் கத்தி மனப்பாடம்தானே. அதுவும் விதிதான், என் விதியைவிட நீளமான விதி.

தஞ்சை_ஓய்வு_வாத்தியார்:
மனப்பாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் மனப்பாடம் செய்த மாவும் காணியும் வாசலைத் தாண்டினால் வயலாகக் கிடந்தது. உங்கள் 63/5 எங்கே கிடக்கிறது?

சும்மா_எட்டிப்பார்த்தவன்:
ஐயா 😀

டியூஷன்_அக்கா:
சிரித்தது போதும். ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். போன வாரம் 3½ × ⅔ கொடுத்தேன். ஒரு பையன் மாற்றாமலே முழு எண் மூன்றையும் கீழே உள்ள மூன்றையும் கேன்சல் செய்துவிட்டான். மிச்சம் 1½ × 2, விடை மூன்று என்று எழுதிக் கோடு போட்டு முடித்தான். சரியான விடை 7/2 × 2/3, 2⅓. கேன்சல் செய்யலாம் என்ற விதி அவனுக்குத் தெரியும். 3½ என்பது மூன்றும் அரையும் கூடியது, பெருக்கியது இல்லை என்று தெரியாது. அந்த இடத்தில் என் மூன்று வரி உதவவில்லை.

உளியும்_நானும்:
அவனுக்கு அளவு பார்க்கத் தெரியவில்லை. மூன்றரையில் மூன்றில் இரண்டு பங்கு எப்படி மூன்று வரும்? மூன்றரையில் பாதியே ஒன்றேமுக்கால், அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கும், அவ்வளவுதான். இவர் மகள் கணக்கும் அப்படித்தான். இரண்டரையை வெறும் மூன்றால் பெருக்கினாலே ஏழரை. ஆறு எப்படி வரும்? அறுக்கும் முன் ஒரு தடவை கண்ணால் அளப்போம் இல்லையா, அது.

அக்கா கேட்ட 12⅗-க்கு நானும் பட்டை வெட்ட மாட்டேன். ஒன்று கவனித்தீர்களா? என் மேசையை அரை அடிக்குக் கால் அடிச் சில்லுகளாகவே அறுத்தால் குறுக்கே 5, நீளத்துக்கு 13. மொத்தம் 65 சில்லு. ஒரு சதுர அடிக்கு எட்டுச் சில்லு பிடிக்கும். 65/8. அக்காவின் விதியே அதுதான். மேலே பெருக்கினால் சில்லு எத்தனை என்று தெரியும், கீழே பெருக்கினால் ஒரு சதுர அடிக்கு எத்தனை சில்லு என்று தெரியும்.

டியூஷன்_அக்கா:
இதைத் திங்கட்கிழமை போர்டில் வரையப் போகிறேன். 2½ × 3¼-க்கு மட்டும், ஒரே ஒரு தடவை. மற்றதெல்லாம் என் மூன்று வரிதான்.

தஞ்சை_ஓய்வு_வாத்தியார்:
ஒரு தடவை போதாது அம்மா.

டியூஷன்_அக்கா:
சிலபஸை நீங்கள் வந்து முடித்துத் தருகிறீர்களா ஐயா?

ஆறாம்வகுப்பு_அப்பா:
கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டத்தைக் கால் அடி என்று வைத்து மகளை வரையச் சொன்னேன். பத்துக்குப் பதின்மூன்று கட்டம். நாலு துண்டுக்கும் நாலு கலர் அடித்தாள். பட்டைகளைப் பார்த்ததும், "ஓ, இது ரெண்டையும் விட்டுட்டேனா" என்று அவளே சொல்லிவிட்டாள். அப்புறம் இரண்டு கட்டம் ஒரு சில்லு என்று எண்ணச் சொன்னேன், 65 சரியாக வந்தது. இப்போது புதுத் தொல்லை: மூன்று கலப்பு பின்னம் பெருக்கினால் எத்தனை துண்டு வரும் என்று கேட்கிறாள்.

உளியும்_நானும்:
பெட்டி செய்ய வேண்டியதுதான். நீளம், அகலம், உயரம் என்று ஒவ்வொரு பக்கமும் இரண்டாகப் பிரியும். எட்டு.

டியூஷன்_அக்கா:
எட்டுதான். ஆனால் தேர்வில் தகா பின்னமாக மாற்றி எழுதச் சொல்லுங்க சார். பெட்டி வரைந்தால் மார்க் கிடையாது.