மறு: லாஜிஸ்டிக்ஸ் - ‘சரக்குப் போக்குவரத்து’ போதுமா?

> ‘சரக்குப் போக்குவரத்து’ என்றே வைத்துவிடலாம் ஐயா. எல்லாருக்கும் புரியும்.

லாஜிஸ்டிக்ஸுக்குத் தமிழ்ச் சொல்லாக வைத்தால் புரியும், ஆனால் பாதிதான் புரியும். சரக்கை ஓட்டிப் போவது மட்டுமல்ல, நிறுத்தி வைப்பது, ஏற்றுவது, இறக்குவது எல்லாம் சேர்ந்ததுதானே லாஜிஸ்டிக்ஸ். மாம்பழச் சீசனில் எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் வந்து பாருங்கள். கூழ் ஆலை வாசலில் பெங்களூரா ரக மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். தோட்டத்திலிருந்து ஆலைக்கு ஒரு மணி நேர ஓட்டம், வாசலில் ஒரு ராத்திரி. நஷ்டம் வருவது நின்ற இடத்தில்தான். வெயிலில் கிடக்கும் பழத்தை வைத்துக்கொண்டு எந்த விவசாயி விலை பேச முடியும்? எடைமேடை, இறக்குகூலி, குடோன், ஹால்டிங் காசு (வண்டி காத்து நிற்பதற்குக் கொடுப்பது) எல்லாம் நம் சொல்லுக்குள் வர வேண்டும்.

2017 ஜூலைக்கு முன்பு மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் மத்திய விற்பனை வரி. அதைத் தவிர்க்கவே பல நிறுவனங்கள் மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்திருந்தன. ஜிஎஸ்டி வந்ததும் சின்னச் சின்ன குடோன்களை மூடிவிட்டுப் பெரிதாக ஒன்று வைத்தால் போதும் என்றாயிற்று. ஓசூர் எல்லையில் வரிச் சோதனைச்சாவடியும் போனது. சாலை என்னவோ அதே சாலைதான், மாறியது சரக்கை எங்கே வைப்பது என்பது.

இதை வெறும் சொல் சண்டை என்று நினைக்க வேண்டாம். நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் 13-14 சதவீதம் லாஜிஸ்டிக்ஸ் செலவுக்கே போகிறது என்று பல வருடம் சொல்லி வந்தார்கள். 2023-24க்கு மத்திய அரசின் மதிப்பீடு 8 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. செலவு திடீரென்று பாதியாகிவிடவில்லை. எதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதும் மாறியிருக்கிறது.

> ‘தளவாடவியல்’?

தளவாடம் என்றால் வீட்டில் மேசை நாற்காலி, ராணுவத்தில் துப்பாக்கி. வேண்டாம்.

> ‘சரக்கோட்டம்’?

காதுக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் நிற்பதும் கிடப்பதும் இதிலும் விட்டுப்போகிறது. (‘சரக்கு’ என்றதும் வேறு நினைவு வருகிறவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.)

என் பரிந்துரை ‘சரக்காளுகை’. ‘மின்னாளுகை’ (இ-கவர்னன்ஸ்) ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதே அச்சுதான். நாக்கில் கொஞ்சம் கனக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். இதைவிட எளிதாக ஒன்று வந்தால் விட்டுக்கொடுப்பேன்.

விட்டுக்கொடுக்காத சொல் வேறு ஒன்று உண்டு: தாவளம். தருமபுரி மாவட்டத்தில் கிடைத்த ‘அதியமான் பெருவழி’ என்ற பழைய சாலையின் தூரக்கல்லில் நாவற்றாவளத்துக்கு (நாவல் தாவளம் என்ற இடத்துக்கு) இத்தனை காதம் என்று வெட்டியிருக்கிறது. எழுத்துத் தெரியாதவருக்காக அந்த எண்ணைக் குழிகளாகவும் குடைந்து வைத்திருக்கிறார்கள். தாவளம் என்றால் வழிப்போக்கு வணிகர் தங்குமிடம். வண்டி நிற்க, சரக்கு இறக்க, பிரித்து மறுபடி ஏற்ற என்று இப்போது ஏக்கர் கணக்கில் கட்டுகிறார்களே, அதற்குச் ‘சரக்குத் தாவளம்’ என்பதைவிடப் பொருத்தமாக என்ன இருக்கிறது?

நேற்று பைபாஸ் பக்கத்து லாரி புக்கிங் ஆபீஸில் சொல்லிப் பார்த்தேன். சரக்காளுகை அங்கிருந்தவர் காதில் ஏறவே இல்லை. தாவளத்துக்கு மட்டும் நிமிர்ந்தார்: “தங்கற எடமா சார்? அப்ப ஹால்டிங் யார் குடுப்பாங்க?”