புதுப்பிப்பு: மவுன்–கசானே செஸ்னா 182 திட்டத்தில் இரண்டு திருத்தங்கள்

செஸ்னா 182 என்ற சின்ன ஒற்றை இன்ஜின் விமானத்தில், போட்ஸ்வானாவின் மவுனிலிருந்து கசானேவுக்கு மதியம் 2 மணிக்குக் கிளம்பி, அங்கே பெட்ரோல் நிரப்பித் திரும்புவதாக முதலில் எழுதியிருந்தேன். இரண்டையும் மாற்றியாச்சு.

முதலில் வெப்பம். மவுன் ஓடுபாதை சுமார் 3,100 அடி உயரம். 35 டிகிரியில் காற்று மெலிவதால், இன்ஜினுக்கும் இறக்கைக்கும் அது 6,200 அடி மாதிரி. காலை 18 டிகிரியில் சுமார் 4,200. அதனால் கிளம்புவது விடியலில்தான்.

அடுத்தது எரிபொருள். கசானேயில் நிரப்பாமல், போக வரத் தேவையானதை மவுனிலேயே ஏற்றிக்கொள்கிறோம். ஒருவழி சுமார் 300 கி.மீ., 75 நிமிடம். மணிக்கு 50 லிட்டர் என்றால் போக வர 125, ஒரு மணி நேரக் கையிருப்பு 50, ஆக 175 லிட்டர். எடை 126 கிலோ. ஒரு பயணியையும் பைகளையும் குறைக்க வேண்டியிருக்கும். பரவாயில்லை. ஓடுதளத்தில் பீப்பாய் இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஏவ்காஸா (விமானப் பெட்ரோல்) ஜெட் ஏ-1ஆ (மண்ணெண்ணெய் வகை) என்று கேளுங்கள். கேரவன்கள் எனும் டர்பைன் இன்ஜின் செஸ்னாக்கள் குடிப்பது இரண்டாவது, நம் பிஸ்டன் இன்ஜினுக்கு அது விஷம்.

நடுவில் மணல் ஓடுதளத்தில் இறங்கினால், முதலில் தாழ்வாக ஒருமுறை பறந்து யானை, மான் இருக்கிறதா பாருங்கள். கார்புரேட்டர் உள்ள பழைய 182-இல் தரையில் கார்ப் ஹீட் (பனி பிடிக்காமல் கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் அமைப்பு) போடாதீர்கள்: காற்று ஃபில்டரைத் தாண்டி, தூசியோடு நேரே உள்ளே போகும்.