மறு: 'ஸ்பானியத் தீர்வு' - ஏறுமேடை, இறங்குமேடை என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ரயில் நிலையத்தில் ஒரே ரயிலுக்கு ஒரு பக்கம் இறங்கவும் மறுபக்கம் ஏறவும் நடைமேடை அமைக்கும் முறையை ஆங்கிலத்தில் 'Spanish solution' என்கிறார்கள். அதற்குத் தமிழிலும் 'ஸ்பானியத் தீர்வு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று இங்கே வந்த யோசனையை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. பார்சிலோனா மெட்ரோவால் பெயர் பெற்ற முறை அது; ஆங்கிலத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழில் படிப்பவருக்கு எந்தச் சிக்கலுக்கு என்ன தீர்வு என்று ஒன்றும் விளங்காது.

இன்னொரு யோசனையான 'இருபக்க நடைமேடை' இன்னும் குழப்பும். இரண்டு தடங்களுக்கும் வெளிப்புறமாக ஒவ்வொரு மேடை உள்ள சாதாரண நிலையத்தையும் அப்படித்தானே சொல்வோம்? நாம் பேசுவது ஒரே ரயிலுக்கு இரு பக்கமும் மேடை உள்ள அமைப்பு. ஒரு பக்கம் இறங்க, மறுபக்கம் ஏற. இறங்கும் பக்கக் கதவை முதலில் திறந்து, சில நொடி கழித்து மற்றதைத் திறப்பது இதில் வழக்கம்.

சிட்னி ஒலிம்பிக் பார்க் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1998 மார்ச்சில் திறந்தார்கள். 2000 ஒலிம்பிக்குக்கு ரசிகர்கள் காரில் வர வழியில்லை, ரயிலும் பேருந்தும்தான். மணிக்கு 50,000 பேரைக் கையாளும்படி கட்டிய நிலையம் அது. தடங்கள் இரண்டே இரண்டு; ஒவ்வொன்றுக்கும் இரு பக்கமும் மேடை. ரயில் ஒரு வளையத்தைச் சுற்றிக்கொண்டு வெளியேறிவிடுவதால் ஓட்டுநர் ரயிலின் மறுமுனைக்கு மாற வேண்டியதில்லை. ஆனால் சிட்னியின் மாடி ரயில்களில் ஒரு பெட்டிக்குப் பக்கத்துக்கு இரண்டு கதவுகள்தான். மேல்தளத்துக் கூட்டமும் கீழ்த்தளத்துக் கூட்டமும் குறுகிய படிகளில் வந்து அதே வாசலில் சேரும். எதிரே ஏறுபவர்களும் முட்டிக்கொண்டு நின்றால் ரயில் கிளம்பின மாதிரிதான்!

பக்கத்து விளையாட்டரங்கில் ஆட்டம் முடிந்த நேரத்தில் எல்லோருமே ஏறுபவர்கள். அங்கே நடக்கும் ஈஸ்டர் கண்காட்சி நாளில் அப்படி இல்லை. பொம்மைப் பையும் தூங்கும் குழந்தையுமாக ஒரு குடும்பம் வீடு திரும்பும்போதே, அடுத்த குடும்பம் தள்ளுவண்டியோடு வந்து இறங்குகிறது. இந்த அமைப்பின் அருமை அங்கேதான் தெரியும்.

அதனால் சொல்லில் வேலை தெரிய வேண்டும் என்பது என் கட்சி. இலங்கையில் படகு அணையும் இடத்தை 'இறங்குதுறை' என்கிறோம். யாரும் அதற்கு விளக்கம் கேட்பதில்லை. அதே வார்ப்பில் இறங்குமேடை, ஏறுமேடை. அறிவிப்பாகச் சொல்லிப் பாருங்கள்: "இடப்பக்கம் இறங்குமேடை, வலப்பக்கம் ஏறுமேடை." நாக்கும் தடுக்கவில்லை, அம்புக்குறிப் பலகையிலும் அடங்கும்.

சரி, மொத்த அமைப்புக்கு? முதலில் 'பிரிமேடை' என்று எழுதிவைத்தேன். மேடையே இரண்டாகப் பிளந்தது போல ஒலித்ததால் விட்டுவிட்டேன். யோசித்தால் இது மேடையின் தன்மையே அல்ல, தடத்தின் தன்மை. ஆற்றுக்கு இரு கரை போலத் தடத்துக்கு இரு மேடை. 'இருகரைத் தடம்' என்கிறேன். "ஒலிம்பிக் பார்க்கில் உள்ளவை இரண்டும் இருகரைத் தடங்கள்" என்று எழுதினால் வாக்கியம் உறுத்தாமல் நிற்கிறது. ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள் இதற்கு ஏற்கெனவே வேறு சொல் புழங்கினால் தெரிவியுங்கள். என் சொல்லைக் கைவிட எனக்குத் தயக்கமில்லை.