வெயிலில் மீத்தேன்: கார்பன் எங்கிருந்து வருகிறது?

ஒளிமாணவி:
முதுநிலை ப்ராஜெக்டுக்காக டைட்டானியம் டை ஆக்சைடு தூளில் கொஞ்சம் செம்பு ஏற்றி ஒளிவினையூக்கி (ஒளி பட்டால் வேதிவினையைத் தூண்டும் பொருள்) செய்திருக்கிறேன். கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் அடைத்து செனான் விளக்கைப் போட்டால், வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமடோகிராபில் மீத்தேன் பீக் (வரைகோட்டில் மீத்தேனுக்கான மேடு) தெரிகிறது. ஒரு கிராமுக்கு மணிக்குச் சில மைக்ரோமோல்தான். கார்பன் டை ஆக்சைடுதான் மீத்தேனாக மாறியது என்று எழுதிவிடலாமா?

குடுவை:
இப்போதே எழுதாதீர்கள். இந்தத் துறையில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பதே இந்தச் சின்ன பீக்தான். தூளை எப்படிச் செய்தீர்கள்? சோல்-ஜெல் முறை (கரைசலைக் கூழாக்கித் தூளெடுப்பது) என்றால் மூலப்பொருளான ஐசோப்ரொபாக்சைடு, ஆல்கஹால் மிச்சம் துகள்களில் ஒட்டியிருக்கும். மூட்டுகளில் தடவிய கிரீஸ், ரப்பர் வளையம் எல்லாமே கார்பன்தான். புற ஊதா ஒளி பட்டால் அவை சிதைந்தே மைக்ரோமோல் கணக்கில் மீத்தேன் தந்துவிடும்.

முதலில் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் கார்பனே இல்லாத ஆர்கான் வாயுவைச் செலுத்தி, மற்றதெல்லாம் அப்படியே வைத்து ஓட்டிப் பாருங்கள். அதிலும் மீத்தேன் வந்தால் தூளைக் காற்றில் சூடாக்கி, ஈர ஆர்கானில் விளக்கொளி காட்டி, பீக் அடங்கும்வரை சுத்தம் செய்யுங்கள். இருட்டிலும், தூள் இல்லாமலும் ஓட்டுவது அடுத்தது.

முடிவான சாட்சி கார்பன்-13 (சாதாரணக் கார்பனைவிட ஓர் அலகு கனமான ஐசோடோப்) உள்ள கார்பன் டை ஆக்சைடு. மீத்தேன் நிறை 17-இல் வர வேண்டும். ஆனால் நீர் மூலக்கூறு உடைந்து வரும் துண்டும் 17-இல்தான் விழும். குரோமடோகிராபில் பிரித்த பிறகே நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்கில் பாருங்கள்.

அப்புறம், ஆக்சிஜன்! ஒரு மீத்தேனுக்கு 8 எலக்ட்ரான் வேண்டும். நீர்தான் அதைக் கொடுத்தது என்றால் 2 ஆக்சிஜன் மூலக்கூறு வந்தே தீர வேண்டும். மீத்தேனை மட்டும் காட்டி ஆக்சிஜனைப் பற்றிப் பேசாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

பகல்நேரம்:
இவ்வளவு பாடுபடுவதற்கு சோலார் பேனலும், அதன் மின்சாரத்தால் நீரைப் பிரிக்கும் மின்னாற்பகுப்பும் போதாதா? ஹைட்ரஜனாவது கிடைக்கும்.

குடுவை:
இன்றைய திறனில் அதுதான் முன்னே நிற்கிறது, சந்தேகமில்லை. ஜப்பானில் டோமென் குழு 100 சதுர மீட்டர் பரப்பில் ஒளிவினையூக்கித் தகடுகளை விரித்து நீரைப் பிரித்துக் காட்டியது. 2021-இல் வெளியான அந்த முடிவில் சூரிய ஆற்றல் ஹைட்ரஜனாக மாறியது அதிகபட்சம் 0.76 சதவீதம். அந்த வினையூக்கி புற ஊதாவை மட்டுமே பிடிக்கிறது. வெயிலில் அது சிறு பங்குதான். ஆனாலும் தூளைத் தகட்டில் பூசினால் போதும், கம்பியோ மின்சுற்றோ வேண்டாம் என்பது பெரிய விஷயம். கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பிடிக்கும் நிலையான தூள் கிடைத்தால் கணக்கே மாறும். அதற்காகத்தான் நான் இதை விடாமல் இருக்கிறேன்.

ஒளிமாணவி:
சரி, ஆர்கானில் தொடங்குகிறேன். ஆனால் ஆக்சிஜன் அளக்கும்போது வெளிக்காற்று கசிந்து வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

குடுவை:
நைட்ரஜன் பீக்கைப் பாருங்கள். காற்றில் ஒரு பங்கு ஆக்சிஜனுக்குச் சுமார் 3.7 பங்கு நைட்ரஜன் இருக்கிறது. அந்தக் கணக்கில் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் ஆக்சிஜன்.