ஒரே கோட்டில் ஓர் உருவம்: இகராஷியின் ‘டெடி’ சரியான பாதையா?

தூரிகை:
முப்பரிமாண வடிவமைப்பைப் பழகாத கைகளுக்கும் எட்டச் செய்ததில் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தக்கேயோ இகராஷி, சக ஆய்வாளர்களுடன் 1999-இல் சிக்கிராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் வெளியிட்ட ‘டெடி’ என்ற வரைநிரலுக்கு ஈடில்லை என்பேன். மூடிய கோடு ஒன்றை வரைந்தால் போதும்: அகன்ற இடம் உப்புகிறது, குறுகிய இடம் மெலிந்தே நிற்கிறது. கரடிப் பொம்மையின் வெளிக்கோட்டை வரைந்தால் வயிறு பருத்தும் காதுகள் சிறுத்தும் எழுந்து நிற்கும். எண் எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை.

அச்சாணி:
இதைத்தான் நான் மறுக்கிறேன். வயிறு எவ்வளவு பருக்க வேண்டும் என்று முடிவு செய்தது நீங்களா, நிரலா? எனக்குத் தட்டையான இலை வேண்டும்; டெடி பலூனைத்தான் கொடுக்கும். கோடு தன்னைத்தானே வெட்டிக்கொண்டால் அதை ஏற்காது. நடுவே துளையுள்ள வளையத்தை அதில் உருவாக்கவே முடியாது. நாள் முழுவதும் இயந்திர பாகங்களை வரைகிறவன் நான். அரை மில்லிமீட்டர் பிசகினால் பாகம் பொருந்தாது. புதியவர் பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்கிறார் என்ற முடிவும் முறைசாரா சோதனையில் கிடைத்தது என்று டெடி பற்றிய ஆய்வுக் கட்டுரையே சொல்கிறது.

தூரிகை:
பஞ்சுப் பொம்மை போன்ற உருண்டை வடிவங்களுக்கானது என்றும் அதே கட்டுரை தெளிவாகச் சொல்கிறது. இயந்திர பாகத்தை அதன்மேல் சுமத்துவது நியாயமில்லை. இலைக்கும் வழி இருக்கிறது: உருவத்தைப் பக்கவாட்டில் திருப்பி, குறுக்கே ஒரு கோடு இழுத்தால் முன்புறம் வெட்டுப்படும்; பின்புறத்துக்கு இன்னொரு கோடு. தடிமனை அங்கே நீங்களே முடிவு செய்கிறீர்கள். வளையம் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வரைகோல்:
நிரல் ஊகிப்பதுதான் உங்கள் குறை என்றால், இகராஷியின் முந்தைய ஆய்வையும் பாருங்கள், அச்சாணி. 1997-இல் வந்த ‘பெகாசஸ்’ நிரல் இருபரிமாண வரைபடங்களுக்கானது. கோணலாக ஒரு கோடு போட்டால், பக்கத்துக் கோட்டுக்கு இணையாகவா, செங்குத்தாகவா, சமச்சீராகவா என்று பல வாய்ப்புகளைத் திரையிலேயே காட்டும். தேர்ந்தெடுப்பது நீங்கள். டெடியை விட இதையே பெரிய சாதனையாக நான் மதிக்கிறேன். ஊகத்தை ஒளித்து வைக்காமல் கண்முன் விரிக்கிறதே!

அச்சாணி:
இது நல்ல பதில். அந்த ஊகத்தோடு எனக்குப் பகை இல்லை. ஆனாலும் அந்த வாய்ப்புகளைப் பொறுக்கி எடுப்பது நிரல்தானே? பதினேழு டிகிரி சாய்வு எனக்கு வேண்டும், பட்டியலில் அது இல்லை என்றால் என்ன செய்வேன்? கோணத்தை எண்ணாகக் கொடுக்க ஒரு கட்டம் இருந்தால், ஒரே முறையில் முடிந்துவிடும்.

தூரிகை:
பதினேழு என்று முன்பே தெரிந்தவருக்கு அந்தக் கட்டம் வேண்டும், மறுக்கவில்லை. கரடியின் காது எத்தனை டிகிரி சாய வேண்டும் என்று வரைவதற்கு முன் யாருக்குத் தெரியும்? கண்ணுக்குப் பிடிக்கும்வரை அழித்து அழித்து வரைந்துதான் அதைக் கண்டுபிடிக்கிறோம்.