மகளிர் மைய வாலண்டியர் கதை கேட்கலாமா, வழி காட்டினால் போதுமா?

நீலக்குடை:
பல்கலைக்கழக மகளிர் மையத்துக்கு மாணவி வாலண்டியர்களை எடுக்கும்போது, "பாலியல் தொல்லை என்று யாராவது வந்தால் சம்பவ விவரம் கேட்காதே, ஐ.சி.சி.க்கு (உள்ளகப் புகார்க் குழு) அனுப்பிவிடு" என்று விதி போட வேண்டும் என்கிறார்கள். எனக்கு இது தப்பாகப் படுகிறது. நாப்கின் கேட்கிற சாக்கில் வந்து பத்து நிமிஷம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருப்பவளிடம் படிவத்தை நீட்டினால், அடுத்த முறை நாப்கினுக்குக்கூட வர மாட்டாள். பேராசிரியர்கள் உட்கார்ந்திருக்கும் குழுவிடம் போகப் பயந்துதானே மையத்துக்கு வருகிறாள்?

தாழ்வாரம்:
நாற்காலி நுனி சரிதான். சுவரில் ஒரு கடிகாரம் ஓடுகிறதே, அதையும் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015 பாலியல் தொல்லைத் தடுப்பு விதிகளானாலும், பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டமானாலும், சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்துப் புகார் வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. இன்னொரு 3 மாதம் நீட்டிக்கக் குழுவுக்கு அதிகாரம் உண்டு, ஆனால் தாமதத்துக்கான காரணம் அவர்களுக்கு ஏற்புடையதாக இருக்க வேண்டும். வாலண்டியரிடம் வாயால் சொன்னது புகாரே ஆகாது. நவம்பரில் வந்து அழுதுவிட்டுப் போகிறாள், செமஸ்டர் தேர்வு வருகிறது, பொங்கல் லீவு வருகிறது, மார்ச்சில் புகார் எழுதலாமா என்று கேட்கிறாள். "நான்தான் அப்பவே சென்டர்ல சொல்லிட்டேனே" என்பாள். ஆறுதலாகக் கேட்கக் கேட்க, புகார் கொடுத்தாகிவிட்டது என்ற நினைப்பு அவளுக்கு வந்துவிடுகிறது. எனக்கு அதுதான் பயம்.

நீலக்குடை:
அப்படியானால் முதல் நாளே கெடு தேதியைச் சொல்லிவிடலாமே. "இந்த மாதம் இத்தனாம் தேதிக்குள் எழுத்தில் கொடுக்கணும்" என்று ஒரு சீட்டில் தேதியை மட்டும் எழுதிக் கொடுத்தால் முடிந்தது. கெடு இருக்கிறது என்பதற்காகக் காதைப் பொத்திக்கொள்ள வேண்டுமா?

கறிவேப்பிலை:
கவுன்சிலிங் பக்கத்திலிருந்து சொல்கிறேன். இரண்டு பேரும் கதை தொடங்கிய பிறகு என்ன செய்வது என்றே பேசுகிறீர்கள். சிக்கல் தொடங்குவதற்கு முன்னால் இருக்கிறது.

முதலாண்டு மாணவிகளில் 17 வயதுக்காரர்கள் உண்டு. 18 நிரம்பாதவருக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி போலீஸுக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவின் கீழ் 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வாலண்டியரும் மாணவிதானே என்று விலக்கெல்லாம் இல்லை. "கவலைப்படாதே, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, முக்கால் மணி நேரம் கழித்து "பிறந்த வருஷம் என்ன?" என்று கேட்டால், வாக்கை மீற வேண்டும் அல்லது சட்டத்தை மீற வேண்டும்.

ஆகவே வாக்குறுதியின் எல்லையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நீலக்குடை:
வயசு கேட்டதுமே எழுந்து போய்விடுவாளே அக்கா.

கறிவேப்பிலை:
கேட்க வேண்டாம், சொல்லுங்கள். தண்ணீர் கொடுத்ததும் இப்படி: "நீங்க சொல்றது எங்களைத் தாண்டிப் போகாது. ரெண்டு விஷயம் மட்டும் விதிவிலக்கு. பாதிக்கப்பட்டவங்களுக்கு 18 ஆகலைன்னா சட்டப்படி தெரிவிக்கணும். யார் உயிருக்காவது ஆபத்துன்னா கவுன்சிலரைக் கூப்பிடுவோம்." எவ்வளவு சொல்வது என்பதை அதன்பிறகு அவளே முடிவு செய்வாள்.

கேட்கும்போது "ஏன்" என்ற சொல்லே வரக் கூடாது. "ஏன் அங்க போனே", "ஏன் அப்பவே சொல்லலை" இரண்டும் குற்றம்சாட்டுவது போலவே காதில் விழும். "இப்ப ஹாஸ்டலுக்குப் போகப் பயமா இருக்கா?", "இன்னைக்கு என்ன செஞ்சா உதவியா இருக்கும்?" போதும். சாக வேண்டும் போலிருக்கிறது என்று சாடையாகச் சொன்னாலும் நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. கவுன்சிலர் வரும்வரை தனியே விடக் கூடாது. ராத்திரியானால் அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் 14416.

புதுஆள்:
குறுக்கே வருகிறேன். பையன்கள் வாலண்டியராக இருக்கலாமா? இந்த நேரம் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) சேவைக்கான 120 மணி நேரத்தில் சேருமா?

தாழ்வாரம்:
இருக்கலாம் தம்பி. ஆண் மாணவர்களும் மூன்றாம் பாலினத்தவரும் பாதிக்கப்படலாம் என்று யு.ஜி.சி. விதிகளே சொல்கின்றன, ஒரு பையன் பேச வந்தால் அவனுக்கும் ஆள் வேண்டும். மற்றபடி ஸ்டால், போஸ்டர், நாப்கின் ஸ்டாக் கணக்கு. என்.எஸ்.எஸ். மணிக்கணக்கை அறைக்குள் உட்காரும் நேரத்துக்குக் கொடுக்காதீர்கள் என்பேன். 120 முடிந்ததும் ஆள் காணாமல் போவார்; ஷிப்டில் ஒருவர் அறையில், ஒருவர் வாசலில் என்ற ஏற்பாடு அத்தோடு படுத்துவிடும்.

கறிவேப்பிலை சொன்னதில் முக்கால்வாசியை ஏற்கிறேன். ஆனால் பதிவேடு? ஆர்வக்கோளாறில் "பிஎச்.டி. இரண்டாமாண்டு, தாவரவியல்" என்று எழுதிவைப்பார்கள். சின்னத் துறையில் அது பெயரை எழுதியதற்குச் சமம். தேதி, வரிசை எண், எதற்கு வந்தார், எங்கே அனுப்பினோம். நாலே நாலு கட்டம் போதும். ஷிப்டு வாட்ஸ்அப் குழுவில் "இன்னைக்கு ஒரு செகண்ட் இயர் அழுதுட்டே வந்தாங்க" என்று ஒருவர் போட்டால் போதும், இரவுக்குள் ஹாஸ்டல் முழுக்கத் தெரியும். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆர். கசிந்ததற்காகவே பாதிக்கப்பட்ட மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். போலீஸ் கணினியிலிருந்தே கசிகிறது, உங்கள் நாற்பது பக்க நோட்டு எம்மாத்திரம்?

நீலக்குடை:
பதிவேடு விஷயத்தில் தோற்றுவிட்டேன். ஆனால் புகார் எழுத வாலண்டியர் கூட உட்கார்ந்தே ஆக வேண்டும். அங்கே விடமாட்டேன்.

தாழ்வாரம்:
கூட உட்காருங்கள், பேனாவைத் தொடாதீர்கள். எழுத முடியாதவருக்கு உதவுவது ஐ.சி.சி. தலைவர், உறுப்பினர்களின் கடமை, விதியிலேயே இருக்கிறது. வாலண்டியர் எழுதினால் "தகாத முறையில் நடந்துகொண்டார்" என்று வரும். விசாரணையில் "தகாத முறை என்றால்?" என்று கேட்டதும் திணறுவாள், அது அவள் சொல்லே இல்லை. அவன் சொன்ன வார்த்தை அப்படியே, தேதி, இடம், பக்கத்தில் யார், அவ்வளவுதான். நகல் 7 நாளில் எதிர்த்தரப்புக்குப் போகும், 10 நாளில் பதில் வரும், விசாரணைக்கு 90 நாள். பதிலில் முதலில் கிண்டுவது இந்த மழுப்பல் வரிகளைத்தான்.

ஸ்கிரீன்ஷாட்டை வெட்டக் கூடாது. தேதியும் எண்ணும் தெரிய வேண்டும், "அந்த நாய்" என்று சேமித்து வைத்த பெயர் மட்டும் தெரிந்தால் பயனில்லை. அசல் சாட்டை அழிக்காமல் எக்ஸ்போர்ட் செய்து வைக்கச் சொல்லுங்கள்.

நீலக்குடை:
2013 சட்ட விதிகளின்படி 6 நகல் வேண்டுமே. கேன்டீன் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு வாலண்டியர் போய்வரலாமில்லையா?

கறிவேப்பிலை:
அய்யோ, வேண்டவே வேண்டாம். கடைக்காரர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் மெஷினில் வைப்பார். வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரிண்ட் எடுத்தால் ஃபைல் அவர் போனிலேயே கிடக்கும்.

தாழ்வாரம்:
ஐ.சி.சி. அலுவலகப் பிரிண்டரில் எடுக்கலாம். அந்த அறை சாவி ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் அட்டெண்டரிடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.